அரை மாத்திரை

அண்ணன் வீட்டுப் படியை டாக்டர் மிதித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் மறுகல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து என்று சரியாகவே சொல்லிவிடலாம்.

பழைய அண்ணி வேறு யாருமில்லை. கல்லூரி விடுதியில் டாக்டரோடு ஒரே அறையில் இருந்தவள். உயரத்தை வைத்து நெட்டச்சி என்று கேலி செய்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளை அண்ணனுக்குப் பேசி முடித்ததே டாக்டர்தான். பன்னிரண்டு வருஷத்தில் அது முறிந்தபோது, இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவளும் டாக்டர்தான்.

நெட்டச்சி வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். மகள் சிட்டு, பள்ளிப் படிப்பு முடியும்வரை அப்பாவிடம் என்று ஏற்பாடு. நெட்டச்சி வளர்த்த பூனையும் இங்கேயே தங்கிவிட்டது. அவள் குடியிருக்கும் இடத்தில் பிராணிகள் கூடாதாம். ஒரு வேலையும் செய்யாமல் எல்லா அறையையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு திரிவதால் அந்தப் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். சிட்டுவைவிட ஒரு வயது மூத்தது.

புதிதாக வந்தவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். அவளை டாக்டர் ஒருநாளும் அண்ணி என்று கூப்பிட்டதில்லை. மனதுக்குள் அவள் வெறும் கண்ணாடிக் கடைக்காரி.

"ஒரு நாள் வந்து சாப்பிட்டுட்டுப் போயேன்" என்று போன வாரம் அண்ணன் போனில் கெஞ்சினான்.

"பார்க்கலாம்" என்றாள் டாக்டர். பார்க்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை, 'பூனைகளுக்கு மட்டும்' என்று பலகை மாட்டிய அவளுடைய மருத்துவமனையில் முதல் ஆளாகத் தட்டெழுத்து டீச்சர் உட்கார்ந்திருந்தாள். மடியில் கூடை. கூடைக்குள் கொழுத்த வெள்ளைப் பூனை.

"வேணும்னே பண்ணுது டாக்டர். நான் பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வந்ததுக்குப் பழி வாங்குது. நேரா என் தலையணைமேலயே மூத்திரம் போகுது."

"அது போற மண் தட்டை எங்க வெச்சிருக்கீங்க?"

"வாஷிங் மெஷின் பக்கத்துல."

"மெஷின் ஓடும்போது?"

"அது பாட்டுக்கு ஓடும்."

"நீங்க உள்ள உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துல ஒரு ரயில் கிளம்புதுன்னு வெச்சுக்கோங்க. அடுத்த தடவை அந்தப் பக்கம் போவீங்களா?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தட்டை அமைதியான மூலைக்கு மாத்துங்க. சாப்பாட்டுக் கிண்ணம் பக்கத்துல வேண்டாம். தினமும் அள்ளிப் போடுங்க. அடிக்கடி போய் முக்கி, சொட்டுச் சொட்டா வந்தா மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீங்க, தூக்கிட்டு ஓடி வாங்க." டாக்டர் பூனையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாள். "பூனைக்குப் பயம் வரும், கோபம் வரும். பழி வாங்கத் தெரியாது. அதெல்லாம் நம்ம வேலை."

அப்போதுதான் கண்ணாடிக் கதவு திறந்தது.

கடைச் சீருடையோடு கண்ணாடிக் கடைக்காரி நின்றாள். இரண்டு கையாலும் துணிக் கூடையை அணைத்துப் பிடித்திருந்தாள். மேலே ஈரத் துண்டு.

"டாக்டர்… மேனேஜர்."

டாக்டர் துண்டை விலக்கினாள். பூனையின் முகம் பன்போல வீங்கியிருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு காப்பிக் கறைபோலப் பழுப்பாகிக் கிடந்தது.

இந்த நிறத்தை அவள் ஐந்தாறு தடவை பார்த்திருக்கிறாள். அதில் ஒன்றுதான் பிழைத்தது.

"என்ன குடுத்தீங்க?"

கண்ணாடிக் கடைக்காரி பூனையைப் பார்த்தாள்.

"கேட்கறேன்ல? மனுஷங்க காய்ச்சல் மாத்திரை குடுத்தீங்களா?"

"ஆமா."

"யாரு குடுத்தது?"

கண்ணாடிக் கடைக்காரி கூடையைக் கீழே வைத்தாள். துண்டை மடித்தாள். பிறகு நிமிர்ந்து, "நான்தான்" என்றாள்.

டாக்டருக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. நர்ஸ் இருக்கிறாள், டீச்சர் இருக்கிறாள் என்பதெல்லாம் மறந்துபோனது.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா நீங்க முழுங்குங்க! அந்த மாத்திரையைச் செரிக்கிற சக்தி பூனை உடம்புல கிடையாது, தெரியுமா? ரத்தமே கெட்டுப்போயிடும். எழுதி ஒட்டியிருக்கேன், பாருங்க, சுவர் பூராவும் ஒட்டியிருக்கேன்! தெரியலன்னா கேட்கணும். கேட்க வாய் இல்லையா?"

கண்ணாடிக் கடைக்காரி எதுவோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

"எப்போ குடுத்தீங்க? எவ்வளவு?"

"காலைல. ஒண்ணு. பால்ல கரைச்சு."

"போய் வெளிய உட்காருங்க."

நர்ஸ் ஆக்சிஜன் பெட்டியைத் திறந்தாள். விஷமுறிவு மருந்து ஒரே ஒரு குப்பிதான் இருந்தது. டாக்டர் முன்காலில் ஊசிக் குழாயைப் பொருத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து வெள்ளைத் துணியில் விட்டாள். சிவப்பு இல்லை. சாக்லேட்.

வேறு ரத்தம் ஏற்றினால் ஒருவேளை தாங்கும்.

வெளியே வந்து கேட்பதற்குள் தட்டெழுத்து டீச்சரே எழுந்துவிட்டாள். "என் பூனைகிட்ட எடுத்துக்கோங்க டாக்டர். நிறைய வெச்சிருக்கு."

எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சேரவில்லை. வெள்ளைப் பூனைக்கு ஒரு வகை, மேனேஜருக்கு வேறு வகை. டீச்சர் தன் மேல் ஏதோ குற்றம் இருப்பதுபோல மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

பதினோரு மணிக்கு அண்ணன் வந்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். யார் வண்டியைச் செடியில் ஏற்றினாலும் குரல் உயர்த்தாதவன் என்று ஊரில் பெயர். இன்று வாசலிலேயே மனைவியிடம் ஆரம்பித்தான்.

"உன்கிட்ட அன்னிக்கே சொன்னேன்ல? அந்தப் பூனைமேல கை வைக்காதேன்னு சொன்னேன்ல? அது சிட்டு அம்மாவோட பூனை. அவகிட்ட நான் என்ன சொல்லுவேன், சொல்லு!"

கண்ணாடிக் கடைக்காரி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில்.

"வாயில கொழுக்கட்டையா? பேசேன்!"

"அண்ணா, இது ஆஸ்பத்திரி" என்றாள் டாக்டர். அதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அவன் திட்டத் திட்ட, அவளுக்குள் எங்கேயோ ஒரு மூலை குளிர்ந்துகொண்டிருந்தது. அப்படிக் குளிர்ந்ததை அவள் கவனிக்கவும் செய்தாள்.

"நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். நான் முன்னாடியே போய்ச் சிட்டுவைக் கூட்டிட்டு வரேன்" என்று அண்ணன் சாவியைச் சுழற்றிக்கொண்டே போனான்.

மதியம் பூனையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டரின் கை நின்றது.

பல்லிடுக்கில் சிவந்த நார். முகர்ந்து பார்த்தாள். டப்பா மீன்.

பால் என்று சொன்னாளே? மேனேஜர் குட்டியிலிருந்தே பாலைத் தொடாது. கிண்ணத்தைக் காலால் தள்ளிக் கவிழ்த்துவிட்டுப் போகும். இருபது தடவை இவளே பார்த்திருக்கிறாள். டப்பா மீனோ சிட்டு கொடுத்தால் மட்டும்தான். அது அவர்கள் இருவருக்குமான தனி ஏற்பாடு. அதில் வேறு யாரும் தலையிட முடியாது.

அது மட்டுமில்லை. காலையில் கொடுத்தது பத்து மணிக்கு ரத்தத்தை இவ்வளவு கெடுக்காது. முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பித்திருக்க வேண்டும்.

அவள் நர்ஸைச் சாப்பிட அனுப்பினாள். கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்றாள்.

கண்ணாடிக் கடைக்காரி வந்து பெட்டியின் பக்கத்தில் நின்றாள்.

"பால்ல குடுக்கல நீங்க."

டாக்டர் அந்தச் சிவந்த நாரைக் காட்டினாள்.

"சிட்டு குடுத்தாளா?"

கண்ணாடிக் கடைக்காரி பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு குழி காலி. "அவ வீட்டுல விட்டுட்டுப் போன பென்சில் டப்பாவுல இருந்தது. ராத்திரி பாதி, காலைல பாதி குடுத்திருக்கா போல. ஸ்பூன்ல பொடிச்ச தூள் ஒட்டியிருந்தது. நான் கழுவிட்டேன்."

"அப்புறம் ஏன்…"

"அவளுக்குப் பன்னெண்டு வயசு டாக்டர். என் பூனையை நானே கொன்னுட்டேன்னு ஒரு பொண்ணு எத்தனை வருஷம் சுமப்பா? என்னை அவளுக்கு ஏற்கெனவே பிடிக்காது. அதோட இதையும் சேர்த்துக்கட்டும். எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது."

"பிழைச்சிட்டா?"

"பிழைச்சா ரொம்ப நல்லது. அப்பவும் நான்தான் குடுத்தேன்."

டாக்டர் வேறு எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று குனிந்து மேனேஜரின் வலது முன்காலைத் தூக்கினாள். "எதுக்கு மாத்திரை? என்ன ஆச்சு இதுக்கு?"

"நொண்டிக்கிட்டு இருந்தது. ரெண்டு வாரமா."

விரல்களை விரித்துப் பார்த்தாள். வயதான பூனைகளுக்கு வருவதுதான். தேயாமல் வளர்ந்த ஒரு நகம் வளைந்து, பாதத்தின் மெத்தைக்குள்ளேயே குத்தி இறங்கியிருந்தது. சுற்றிலும் சீழ். நகவெட்டியால் ஒரு வெட்டு. மருந்து போட்டு அனுப்பினால் போதும். ஐந்து நிமிஷ வேலை.

"இதுக்கா? இதை ஏன் என்கிட்ட…" குரல் மறுபடியும் ஏறியது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா…"

"கேட்டேன் டாக்டர்."

கண்ணாடிக் கடைக்காரி தன் போனை எடுத்துத் திறந்து நீட்டினாள். அதில் குறை சொல்கிற பாவனை இல்லை. கேட்டதற்குக் காட்டுகிறாள், அவ்வளவுதான்.

மேனேஜர் கூடத்தில் மூன்று காலால் நடக்கும் ஒரு வீடியோ. அதன் கீழே: *வணக்கம் டாக்டர். தொந்தரவுக்கு மன்னிக்கவும். இரண்டு நாளாக நொண்டுகிறது. கூட்டி வரலாமா? வலிக்கு மாத்திரை எதுவும் கொடுக்கலாமா?* நான்கு நாள் கழித்து இன்னொன்று: *சிட்டு மிகவும் கவலைப்படுகிறாள். உங்களுக்கு எப்போது வசதி?*

முதல் செய்தி வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

டாக்டர் அவற்றைப் பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்த வாரமே அந்த எண்ணிலிருந்து எது வந்தாலும் காட்டாதபடி போனில் மாற்றி வைத்திருந்தாள். ஊரில் யார் பூனைக்குத் தும்மல் வந்தாலும் அரை மணியில் பதில் போடுகிறவள்.

"வேற டாக்டர்கிட்ட போயிருக்கலாமே" என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"நீங்க இருக்கும்போது வேற இடத்துக்குப் போனா நல்லா இருக்காதுன்னு உங்க அண்ணன் சொன்னார். தங்கச்சிகிட்ட நானே பேசறேன்னார். வேலையில மறந்துட்டார்." அவள் போனை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். "சிட்டு தினமும் கேட்பா, அத்தை பதில் போட்டாங்களான்னு. நேத்திக்குக் கேட்கல. நான்தான் கவனிக்கல."

இரண்டரை மணிக்கு மேனேஜரின் மூச்சு விட்டு விட்டு வந்தது. மருந்து இன்னும் குழாயில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடிக் கடைக்காரி, "தொடலாமா?" என்று கேட்டாள். டாக்டர் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

அவள் தலையைத் தொடவில்லை. முதுகைத் தொடவில்லை. தாடைக்குக் கீழே, கழுத்துப் பட்டை உரசும் இடத்தில், ஒற்றை விரலால் மெல்லத் தேய்த்தாள். அந்தப் பூனைக்குப் பிடித்த இடம் அது. எட்டு மாதத்தில் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

இரண்டு நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது.

அண்ணனும் சிட்டுவும் வந்தபோது பூனையைத் துண்டில் சுற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். சிட்டு பையைக்கூடக் கழற்றவில்லை. துண்டைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள்.

"உன் சித்தி ஏதோ மாத்திரையைக் குடுத்துட்டாம்மா" என்றான் அண்ணன். "தெரியாமதான். ஆனா குடுத்துட்டா."

சிட்டு மெதுவாகத் திரும்பினாள். கண்ணாடிக் கடைக்காரி கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ஆமா சிட்டு. நான்தான் குடுத்தேன். மன்னிச்சிடு."

ஒரு கணம். அந்த ஒரு கணத்தில் சிட்டுவின் முகத்தில் ஓடியதை டாக்டர் மட்டும் பார்த்தாள். முதலில் குழப்பம். பிறகு கணக்குப் போடுகிற பார்வை. அப்புறம், மூழ்குகிறவளின் கைக்கு எதுவோ அகப்பட்டதுபோல ஓர் ஆவேசம்.

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினாள். "உங்களுக்கு அதைக் கண்டாலே பிடிக்காது! அம்மாவோடதுன்னு பிடிக்காது! நீங்கதான் கொன்னீங்க! நீங்கதான்!"

"சிட்டு…" என்றான் அண்ணன்.

"நான் அம்மாகிட்ட போறேன். இவங்களோட இருக்க மாட்டேன்."

அண்ணன் தன் மனைவியைப் பார்த்த பார்வையில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை; ஒன்றுமே இல்லை. "நீ அப்புறமா பஸ்ல வா" என்றான்.

கண்ணாடிக் கடைக்காரி தலையசைத்தாள். காலிக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தெருவில், எதிர்ப்பக்க நிறுத்தத்தில், கூடையை இடுப்பில் இடுக்கியபடி அவள் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இரண்டு பஸ் வந்தும் ஏறவில்லை.

அண்ணன் காரைத் திருப்பப் போனான். சிட்டு மட்டும் மருந்து அறை வாசலில் வந்து நின்றாள். கத்தலெல்லாம் வடிந்து, முகம் சின்னதாகிவிட்டிருந்தது.

"அத்தை."

"சொல்லுடா."

"எவ்வளவு குடுத்தா சாகும்?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அரை மாத்திரைக்குச் சாகுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அரைகூட வேண்டாம், அதிலும் பாதியே உயிரோடு விளையாடும். சுவரில் அதைத்தான் எழுதி ஒட்டியிருக்கிறாள். பூனை விஷயத்தில் இதுவரை யாரிடமும் ஒரு பொய் சொன்னதில்லை. பிழைக்காது என்றால் பிழைக்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவள் என்று அவளுக்குப் பெயரே உண்டு.

சிட்டு கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அரைக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் டாக்டர். "முழுசா ஒண்ணை ஒரே தடவையில குடுத்தாதான்."

சிட்டுவின் தோள் இறங்கியது. பையின் பட்டையைச் சரிசெய்துகொண்டாள். "அப்போ அவங்கதான்" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. அழவில்லை. ஓடிப்போய்க் காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

கார் போன பிறகும் டாக்டர் வாசலிலேயே நின்றாள். பெண்ணைக் காப்பாற்றியாகிவிட்டது. எந்த விலைக்கு என்று எதிர்ப்பக்கம் பார்த்தால் தெரிந்தது. தெருவைக் கடந்து போய் அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். என்ன வார்த்தை? மன்னிப்பு என்று ஆரம்பித்தால் எங்கே முடிப்பது? அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது பஸ் வந்தது. அது போனபோது நிறுத்தம் காலியாக இருந்தது.

ஐந்தரை மணிக்குப் போன் அடித்தது. திரையில் நெட்டச்சி.

"என்னடி நடக்குது அங்க?" குரல் அழுது அடைத்திருந்தது. "சிட்டு போன் பண்ணி ஒரே கத்தல். அந்தப் பொம்பளை வேணும்னே மருந்து வெச்சுட்டாளாம். நாளைக்கே கிளம்பி வரேன். வக்கீல்கிட்டயும் பேசிட்டேன். அப்படிப்பட்டவ இருக்கிற வீட்டுல என் பொண்ணு ஒரு நாள் இருக்கக் கூடாது."

"நெட்டச்சி, கொஞ்சம் நில்லு…"

"நிக்கறேன். அதுக்குத்தான் உனக்குப் போட்டேன். உங்க அண்ணன் சொன்னா நம்ப மாட்டேன். நீ பக்கத்துல இருந்திருக்கே, நீ டாக்டர். இந்த மாதிரி விஷயத்துல நீ பொய் சொல்ல மாட்டே." மூக்கை உறிஞ்சினாள். "சிட்டுவும் லைன்ல இருக்கா. அவ காதாலயும் கேட்கட்டும். சொல்லு."

போனுக்குள் இன்னொரு மூச்சு கேட்டது. சின்ன மூச்சு, வேகமாக.

டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். அவ பதினோரு நாளா எனக்கு மெசேஜ் போட்டிருக்கா. நான் பார்க்கல. வேணும்னேதான் பார்க்கல. பார்த்திருந்தா இன்னிக்கு அந்தப் பூனை உயிரோட இருக்கும்."



"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் நெட்டச்சி. "நான் கேட்டது அது இல்ல. மாத்திரையைக் குடுத்தது யாரு?"

சின்ன மூச்சு நின்றுவிட்டது.